எதிரே நிற்பவனுக்குத் தெரியாத புள்ளி

குமரகுரு கைத்துப்பாக்கியை மேசைமேல் வைத்ததும் சண்முகப்பிரியாவின் மூக்கில் முதலில் ஏறியது காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை. உள்ளங்கையைவிடச் சற்றே நீளமான, இடுப்பில் செருகினால் வெளியே தெரியாத சின்னத் துப்பாக்கி. அதன் இடுக்குகளிலெல்லாம் எண்ணெய் பிசினாகிப் பழுப்பேறிக் கிடந்தது. பிசினில் கோழியிறகின் பொடித் தூவல் ஒட்டியிருந்தது. பாக்குத்தூள் இருந்தது. மக்காச்சோளத் தவிடு இருந்தது. விரல் வைத்து இழுக்கும் குதிரைக்குப் பக்கத்தில் ஓர் ஈ செத்து அப்படியே காய்ந்திருந்தது.

"தேங்காயெண்ணெயா போட்டீங்க மாமா?"

"ஆமா புள்ள. செக்குல ஆட்டுனது. நம்ம தோட்டத்துத் தேங்கா." பெருமையாகத்தான் சொன்னார்.

குமரகுரு அவளுடைய அக்கா ஸ்ரீதேவியின் கணவர். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். பண்ணை பெரிதானபோது, தனியாகப் போய்வருகிற ஆள், பாதுகாப்புக்கு வேண்டும் என்று எழுதிக்கொடுத்துத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கினார். அவரிடம் இதுவரை யாரும் எதையும் பறிக்க வந்ததில்லை. கல்யாண வீடுகளில் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்வதற்குத்தான் அது பயன்பட்டது.

பிரியா பிஸ்டல் சுடுவதில் மாநில அளவில் பதக்கங்கள் வாங்கியவள். இப்போது ஆட்டையாம்பட்டிப் பாதையில் இருந்த ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளர். அக்கா வீட்டில் அந்தப் பதக்கங்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை. "பொம்பளப்புள்ளைக்கு டுமீல் டுமீல்னு என்ன பொழப்பு" என்று இதே குமரகுருதான் ஒருமுறை பந்தியில் சொல்லிச் சிரித்தார். அவர் இன்று கிளப்புக்கே தேடிவந்து, "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும் சாமி, நீ சொல்றத வாங்கிக்கறேன்" என்றதும் அவளுக்கு உள்ளே கொஞ்சம் இனித்தது. பிற்பாடு அந்த இனிப்பை நினைத்தபோதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அவர் கேட்டது ரெட் டாட் சைட். துப்பாக்கியின் தலையில் மாட்டுகிற சின்னக் கண்ணாடி. அதற்குள் பார்த்தால் சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி எதன்மேல் நிற்கிறதோ குண்டு அங்கே போகும். போனில் யாரோ அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை போட்டுக் காட்டினார்.

"மொதல்ல இதக் கழுவணும் மாமா. இந்த அழுக்குமேல எதையும் மாட்ட முடியாது."

தோட்டாக்களை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, துப்பாக்கியைப் பிரித்துப் பழைய துணியிலும் பிரஷ்ஷிலும் தேய்த்தாள். துணி கறுத்தது. இன்னொரு துணியும் கறுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமரகுரு பல்லிடுக்கில் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டு, "பரவால்ல, பளபளன்னு ஆயிருச்சே" என்றார். குடைந்த குச்சியை அவளுடைய மேசையிலேயே வைத்தார்.

மறுநாள் இருவரும் சேலம் கடைவீதியில் தஹ்சீனின் கடைக்குப் போனார்கள். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடை. அப்பாவுக்குப் பிறகு தஹ்சீனே நடத்திவந்தாள். பிரியாவுக்குச் சிநேகிதி. கண்ணாடி மேசைமேல் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து மூன்று சைட்டுகளை எடுத்து வைத்தாள்.

குமரகுருவின் கை முதலில் போனது இருப்பதிலேயே பெரிதான ஒன்றுக்கு. "இதுல செகப்பு, பச்சை ரெண்டும் வருதே!"

"அது ஏர்கன் வச்சிருக்கற பசங்க வாங்கறதுங்க" என்றாள் தஹ்சீன். "நெஜத் துப்பாக்கில மாட்டினா அதோட உதறல் தாங்காது. பத்திருபது தடவை சுட்டா கண்ணாடி தனியா கழண்டு வரும். விக்கணும்னா வித்துடுவேன், ஆனா நாளைக்கு நீங்க வந்து என்னத்தான் திட்டுவீங்க."

இரண்டாவது நல்ல சரக்கு. பிரியா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் பின்பக்கம் திறந்திருந்தது. அடியில் ஒரு குட்டித் துளையிலிருந்து ஒளி கிளம்பி, முன்னால் நிற்கும் கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குத் திரும்புகிறது.

"இது வேண்டாங்க மாமா. அந்தத் துளைல ஒரு தூசி உழுந்தாப் போதும், புள்ளி மங்கிரும், இல்லாட்டிக் காணாமயே போயிரும். உங்க பண்ணைல காத்துல பறக்கறதே எறகும் தவுடும்தான். மூணாவதப் பாருங்க. முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒரு கண்ணாடி, நடுவுல மூடுன பொட்டி. உள்ள எதுவும் போகாது. மேல என்ன ஒட்டினாலும் தொடச்சுக்கலாம்."

"புள்ளி பெருசா இருக்குமா?"

"இது நடுத்தரத்துக்கு மேல. சின்னப் புள்ளின்னா தூரத்துல இருக்கற குறிய நுணுக்கமாப் பாக்கலாம். ஆனா இது குட்டித் துப்பாக்கி. கையில தூக்குன ஒடனே புள்ளி அகப்படணும். அதுக்குப் பெருசுதான் தோது."

பேசப் பேசப் பிரியாவுக்குச் சுருதி ஏறியது. எந்த பாட்டரி எங்கும் கிடைக்கும், பாட்டரியை மாற்றும்போது சைட்டையே கழற்ற வேண்டிய தொல்லை எதில் இல்லை, அசையாமல் கிடந்தால் தானே அணைந்து, எடுத்தால் தானே எரிவது எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தஹ்சீன் துப்பாக்கியின் மேல்பாகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஸ்லைடை நான் சீவ மாட்டேன். அது சட்டத்துக்கும் ஆகாது, இரும்புக்கும் ஆகாது. பின்னால இருக்கற சைட்டக் கழட்டிட்டு, அது இருந்த காடிப் பள்ளத்துல தட்டு வச்சு மேல மாட்டறேன்" என்றாள்.

"அப்ப ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க மாமா. பழைய சைட் இருக்காது. பாட்டரி தீந்துட்டாக் குறி பாக்க வேற வழியே இல்ல. தீர்ற வரைக்கும் காத்திருக்காம, பொங்கலுக்குப் பொங்கல் மாத்திருங்க."

குமரகுரு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. சைட்டைக் கையில் பிடித்துக் கடைச் சுவரைப் பார்த்து நீட்டினார். அப்படியும் இப்படியும் ஆட்டினார். சுவர் வெறுமையாக இருந்தது.

"செவுத்துல ஒண்ணையுங் காணமே?"

"செவுத்துல உழாதுங்க. அது லேசர். இது உங்க கண்ணுக்குக் கண்ணாடிக்குள்ள மட்டுந்தான் தெரியும்."

"எதுத்தாப்புல நிக்கறவனுக்கு?"

"அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது."

அவர் முகம் தொங்கிப்போனது. "அவனுக்குத் தெரியலீன்னா அப்பறம் என்ன மசுருக்கு இது?"

தஹ்சீன் தலையைக் குனிந்து வெல்வெட் துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள். பிரியா சிரித்துவிட்டாள். விவரம் தெரியாத மனுஷன், சினிமாவில் பார்த்ததைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். "சுடறவனுக்குத் தெரிஞ்சாப் போதும் மாமா" என்று சமாதானம் சொல்லி மூன்றாவதையே வாங்க வைத்தாள். கிளம்பும்போது தஹ்சீன் அவள் காதருகில், "உங்க மாமா யாரையாவது பயமுறுத்தணும்னு பாக்கறாரா?" என்று கேட்டாள். "அட, அவரு வாய்தான்" என்றாள் பிரியா.

தட்டு பொருத்தி வந்ததும் கிளப்பில் வைத்துப் பிரியாவே அதைச் சரிபார்த்தாள். மேடைமேல் மணல் மூட்டையில் கையை ஊன்றிச் சுட்டு, குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து, பக்கவாட்டுத் திருகையும் மேல் திருகையும் துளித்துளியாகத் திருப்பிப் புள்ளியும் ஓட்டையும் ஒன்றாகும்வரை விடவில்லை. ஸ்க்ரூக்கள் இளகாமலிருக்க நீலப் பசை தொட்டு முடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் பெட்டிவரை நகப்பூச்சால் மெல்லிய கோடு போட்டாள். கோடு விலகினால் ஸ்க்ரூ அசைந்திருக்கிறது என்று அர்த்தம்.

குமரகுரு வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "புள்ளியா இது? சிதறுன தேங்காச்சில்லு மாதிரி வாலு வாலாத் தெரியுது. ஏமாத்திப்புட்டாங்க."

பிரியா தன் போனைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக் காட்டினாள். படத்தில் புள்ளி கச்சிதமான வட்டமாக இருந்தது. "உங்க கண்ணுலதான் கோளாறுங்க மாமா. கண் டாக்டரப் பாத்துக் கண்ணாடி போட்டுட்டீங்கன்னா வட்டமாயிரும்."

"என்ற கண்ணுக்கு என்ன கேடு? நாலு கிலோமீட்டர்ல போற லாரியோட நம்பரப் படிப்பேன்." வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானைக் கடைசிவரை அமுக்கினார். வால் இன்னும் நீண்டிருக்கும். அவர் திருப்தியடைந்தார்.

அதற்குப் பிறகு பிரியா அக்காவைப் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அந்தச் சைட்டைப் பராமரிப்பது அவள் தலையில் விழுந்தது. பண்ணை வீட்டுக்குப் போவதே அவளுக்குக் குமட்டும் காரியம். கூண்டுகளுக்கு அடியில் விழும் எச்சத்தை அவ்வப்போது வாரிக் காயவைக்க வேண்டும். குமரகுரு வாரமாட்டார். விலை ஏறும்போது மொத்தமாக விற்கலாம் என்று குவியவிடுவார். குழாய் ஒழுகி அது ஈரமாகும். ஈரத்தில் புழு நெளியும். புழு ஈயாகி எழும்பும். பண்ணை வீட்டில் கொடிக்கயிறு கறுப்பாக இருக்கும். துணியைப் போடக் கையை நீட்டினால் கயிறு கலைந்து பறந்து, அடியில் வெள்ளைக் கயிறு தெரியும். அக்கா சோற்றுக்குண்டாவை வலைமூடியால் மூடி, அதன்மேல் ஈரத்துணி போட்டு வைப்பாள். சாப்பிடும்போது ஒரு கை சாப்பிடும், ஒரு கை விசிறும்.

அந்த வீட்டில் அவளிடம் நீட்டப்படும் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் புது அசிங்கத்தோடு வந்தது. தோட்டா இல்லையென்று பார்த்துக்கொண்ட பிறகுதான் துணியை எடுப்பாள். ஒருமுறை கண்ணாடியில் ஆட்டுக்கறிக் கொழுப்புக் கைரேகை. ஒருமுறை வெற்றிலைச் சாற்றுத் தெறிப்பு. ஒருமுறை மறுபடியும் தேங்காயெண்ணெய்.

"சட்டை நுனில தொடைக்காதீங்க, கீறல் உழும். ஊதுகுமிழ் வச்சு மொதல்ல தூசிய ஊதிட்டு, நான் குடுத்த துணில மட்டும் தொடைங்க. எண்ணெய் கண்ணாடிக்கு ஆகவே ஆகாது" என்று தவறாமல் சொன்னாள். அவர் தவறாமல் தலையாட்டினார். வெளிச்சம் எப்போதும் உச்சத்திலேயே கிடந்ததால் வருஷம் ஓடவேண்டிய பாட்டரி சீக்கிரமே செத்தது. நகப்பூச்சுக் கோடு விலகியிருந்தது. சும்மாவே கழற்றி மாட்டிப் பார்த்திருக்கிறார். பிரியா துடைத்தாள், முடுக்கினாள், புதுப் பாட்டரி போட்டாள். நல்ல பொருள் பன்றித்தொட்டியில் கிடக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாக வரும். அவள் பரிதாபப்பட்டது சைட்டுக்காகத்தான்.

பண்ணைக்கு எதிரே ரோட்டோரம் சின்னராஜ் என்பவர் இட்லிக்கடை வைத்திருந்தார். ஈயால் கடை படுத்துவிட்டது. சட்னியில் விழுந்த ஈயை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட எந்த லாரிக்காரனும் தயாராக இல்லை. அவர் குமரகுருவிடம் வந்து சொன்னார், கெஞ்சினார், பிறகு கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தார். அதிகாரிகள் வந்து கூண்டுகளுக்கு அடியில் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதிப் போனார்கள். அன்றிலிருந்து குமரகுரு சின்னராஜை 'இட்லி' என்றுதான் சொல்வார். "அந்த இட்லிக்கு ஒரு நாளைக்கு இருக்குது."

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் பிரியா போனபோது, குமரகுரு பண்ணை ஆபீஸ் அறையில் தீவன வியாபாரி சென்னியப்பனோடு உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. கடித்துப்போட்ட எலும்புகளோடு தட்டுகள் மேசைமேலேயே கிடந்தன. தட்டெல்லாம் ஈ.

"வா வா. உனக்கு ஒரு சமாச்சாரம் காட்டோணும்" என்று எச்சில் கையாலேயே டிராயரைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார்.

சைட் இருந்த இடத்தில் இருந்தது. துப்பாக்கியின் அடியில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது: கூட்டங்களில் திரையைக் காட்டப் பயன்படுத்தும் லேசர் பேனா. கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். டேப்பின் நுனியில் கோழியிறகு.

"என்னங்க மாமா இது?"

"நீ வாங்கிக் குடுத்தது எனக்கு மட்டுந்தானே தெரியுது? இது அவனுக்கும் தெரியும்." சென்னியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"குடுங்க இங்க. மொதல்ல மேகசினக் கழட்டுங்க."

"இந்தா, கழட்டியாச்சு. போதுமா?" தோட்டா அடுக்கிய மேகசினை உருவி மேசைமேல் எறிந்தார். "சும்மா நின்னு வேடிக்க பாரு புள்ள. இட்லிய வரச்சொல்லியிருக்கறேன், சமாதானம் பேசலாம்னு."

அவள் கையை நீட்டிக்கொண்டு நெருங்குவதற்குள், திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையின் நிழலில் சின்னராஜ் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி, பேசுவதற்கென்றே வந்த ஆள். "ஏனுங்க அண்ணா, கூப்புட்டீங்களாமா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். வெயிலில் வந்த கண்ணுக்கு அறைக்குள் இருட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

சிவப்புப் புள்ளி அவர் சட்டைப்பையின் மேல் போய் உட்கார்ந்தது.

சின்னராஜ் குனிந்து பார்த்தார். ஈ என்று நினைத்துக்கொண்டார். கையால் தட்டிவிட்டார். புள்ளி போகவில்லை. மறுபடி தட்டினார். குமரகுரு மணிக்கட்டை லேசாக அசைத்தார்; புள்ளி வயிற்றுக்கு இறங்கியது. சின்னராஜ் வயிற்றைத் தட்டினார். தோளுக்கு ஏறியது. தோளைத் தட்டினார். சென்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பத்தாம் முறையோ பதினோராம் முறையோ சின்னராஜின் கை பாதியில் நின்றது. அவர் தலையைத் தூக்கி ஜன்னலுக்குள் உற்றுப்பார்த்தார். அவர் முகம் என்ன ஆயிற்று என்பதைப் பிரியாவால் பிற்பாடு யாரிடமும் விவரிக்க முடியவில்லை.

"முனைய எறக்கு!"

சுடுதளத்தில் கத்துகிற குரல் அது. மாமா என்ற மரியாதையெல்லாம் அதில் இல்லை. குமரகுரு பழக்கப்பட்ட மாணவனைப்போல் ஒரு கணம் அப்படியே கையை இறக்கிவிட்டார். அந்தக் கணத்தில் அவர் மணிக்கட்டைத் தரையைப் பார்த்து அழுத்தி, விரலைக் குதிரையிலிருந்து பிரித்து, துப்பாக்கியைப் பிடுங்கினாள். ஸ்லைடை இழுத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி வந்து எலும்புத் தட்டில் விழுந்தது. ஈக்கள் எழும்பின.

மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதன். ஏற்கெனவே குழலில் ஏறிய குண்டு அங்கேயே இருக்கும் என்பதை அவள் அவருக்கு வாய்வலிக்கச் சொல்லியிருந்தாள். அந்த விரல் இன்னும் கொஞ்சம் மடங்கியிருந்தால் போதும்.

ஈக்கள் திரும்ப வந்து உட்கார்ந்தன. தோட்டாவின் மேலும் ஒன்று உட்கார்ந்தது.

"சரி உடு. சுடலீல்ல?" என்றார் குமரகுரு.

"ஒண்ணும் ஆவுலியே சாமி, எதுக்கு இத்தன கோவம்?" என்றார் சென்னியப்பன்.

பிரியாவுக்குக் கோபமே வரவில்லை. அருவருப்புதான் வந்தது. அந்த எண்ணெய் மினுங்கும் உதடுகளையும், அந்தத் தட்டையும், தான் துடைத்துத் துடைத்துக் கொடுத்த கண்ணாடியையும் ஒருமுறை பார்த்தாள். டேப்பைப் பிய்த்து லேசர் பேனாவைத் தரையில் போட்டு மிதித்தாள். திரும்பினால் வாசற்படியில் அக்கா ஸ்ரீதேவி, கையில் தண்ணீர்ச் சொம்போடு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

"சோறு போட்டுட்டேன். வா, வந்து உக்காரு" என்றாள் அக்கா.

அந்த ஒரு வார்த்தைக்காக அக்காவின் மேலும் அருவருப்பு வந்தது. துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காவின் கையில் திணித்துவிட்டு, வெளியே போனாள்.

சின்னராஜ் ரோட்டைத் தாண்டித் தன் கடைத் திட்டில் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போலாங்க. நான் சாட்சி சொல்றேன். உள்ள குண்டு இருந்துச்சு."

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். "அந்தக் கண்ணாடி வாங்கிக் குடுத்தது நீங்கதானுங்களே அம்மிணி? கடைக்கு வந்து எல்லாருகிட்டயும் காமிச்சாரு. 'கொழுந்தியா தேடிப் புடிச்சு வாங்குனா, இதுல குறியே தப்பாது'ன்னாரு."

"ஆமாங்க. நாந்தான்."

சின்னராஜ் காறித் துப்பினார். அவள்மேல் இல்லை, அவள் காலுக்குப் பக்கத்தில். பிறகு எழுந்து போய் மொபெட்டை எடுத்தார். அவள் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனாள்.

ஸ்டேஷனில் அதிகாரி இருவரும் சொன்னதை முழுக்கக் கேட்டார். "சொந்த அக்கா ஊட்டுக்காரர் மேலயா?" என்று ஒருமுறை மட்டும் கேட்டார். "ஆமாங்க சார்" என்றாள். சாயங்காலத்துக்குள் சொந்தபந்தமெல்லாம் போனில் வந்தார்கள். ஊட்டுச் சமாச்சாரத்தை வெளியே கொண்டுபோனவள் என்றார்கள். அவள் சொன்னதை மாற்றவில்லை. துப்பாக்கி பறிமுதலாயிற்று. விசாரணை முடியும்வரை லைசென்சை நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. துப்பாக்கியைப் பாதுகாப்பில் வைக்கத் தஹ்சீனின் கடைக்கே அனுப்பினார்கள்.

"நாள்கணக்கா பூட்டி வைக்கணும்னா பாட்டரி உள்ள இருக்கக் கூடாது, கசிஞ்சு அரிச்சுடும்" என்று சொல்லிக்கொண்டே தஹ்சீன் அதைக் கழற்றினாள். கண்ணாடியில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. "நல்ல சைட். வாங்கிட்டுப் போனதுக்கு இப்படியா வச்சிருப்பாங்க?" துணியை எடுத்தவள் பிரியாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். "தொடைக்கட்டுமா?"

"உன் கடைல இருக்கறது. நீ தொடைச்சுக்க. என்னால அதத் தொட முடியாது."

பங்குனி முழுக்க அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தோட்டாவைப் பிரியாதான் கைக்குள் மறைத்துக்கொண்டு வந்து போட்டாள், அவருக்குக் கெட்டபேர் வாங்கித்தர வேண்டுமென்றே செய்தாள் என்று குமரகுரு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் காதுக்கு வந்தது. நம்பினவர்களும் இருந்தார்கள். நெருங்கிய உறவில் நடந்த காதுகுத்துக்கு அவளை அழைக்கவில்லை. கூண்டுகளுக்கு அடியில் பாதி எச்சத்தை மட்டும் வாரியிருந்தார்கள். சின்னராஜ் தன் கடையை இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போட்டார். அங்கேயும் ஈ வந்தது, முன்னைவிடக் குறைவாக.

சித்திரையில் ஒரு காலைப்பொழுது, பயிற்சி முடிந்து அவள் இலக்கு அட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். பின்னணியில் கோழிகளின் இரைச்சல்.

"பிரியா. அந்தக் குண்டு… நெசமாலுமே உள்ளதான் இருந்துச்சா?"

"நீயும் கேக்கறியாக்கா?"

"இல்ல சாமி. நீ போட்டிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "எப்பப் பாத்தாலும் உள்ள இருக்குமா, இல்ல அன்னைக்கு மட்டுந்தான் இருந்துச்சா?"

"ஏன் கேக்கற?"

"அந்த லேசர ஒட்டுன அன்னைக்கு அடுப்படிக்கு வந்தாரு. 'அசையாம நில்லு, நேரா உழுவுதான்னு பாக்கோணும்'னாரு. ரவிக்கைல உழுந்துச்சு, நெத்தில உழுந்துச்சு. நான் தோசைக் கரண்டிய வச்சுட்டு நின்னேன். அப்பறம் தெனமும் ஒருக்கா வருவாரு. நானும் சும்மா வெளையாட்டுன்னு… பிரியா, அப்பவும் உள்ள இருந்திருக்குமா?"

பிரியா கையிலிருந்த இலக்கு அட்டைகளைச் சுடுதளத்தின் மணல்மேட்டில் வைத்தாள். இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான், அவருக்கே தெரியாது.

"தெரியலக்கா" என்றாள். "நான் இப்ப வாரேன்."

"இப்ப வராத. முட்டை லாரி நிக்குது, ஆளுக இருக்கறாங்க."

"இருக்கட்டும். வாரேன்."

போனபோது லாரி கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த குமரகுரு அவளைப் பார்த்ததும், "எந்த மூஞ்சிய வச்சுட்டு இங்க வந்த?" என்று கத்தினார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. லாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி நடந்து ஸ்ரீதேவி வெளியே வந்தாள். கையில் ஒரு துணிப்பை. ஒரு வாரத்துக்குத்தான் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாளாம். அதைப் பிரியாவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

ஸ்கூட்டர் ஆட்டையாம்பட்டியைத் தாண்டியது. பின்னாலிருந்து அக்காவின் புடவையில் எச்ச வாடை அடித்துக்கொண்டே வந்தது. காற்று எவ்வளவு வேகமாக அடித்தும் அது போகவில்லை.

"ஊட்டுக்குப் போனதும் தலைக்கு ஊத்திக்கறேன்" என்றாள் அக்கா, தன்னையே மோந்து பார்த்ததுபோல். "சீயக்கா வச்சிருக்கியா?"

"இருக்குதுக்கா" என்றாள் பிரியா.